பாவாவிடம் மட்டும் 'புரியல'

போன ஞாயிற்றுக்கிழமை என் மாணவர் ஒருவர் என் கண்ணெதிரே கட்சி மாறினார். மாணவருக்கு வயது நாற்பத்தைந்து.

பெயர் முனிரத்தினம். அம்மையார்குப்பத்துக்காரர். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. பத்தாவது பாஸ் பண்ணினால் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்ற பாடமெல்லாம் தாண்டிவிட்டார். கணக்கு மட்டும் காலை வாருகிறது. இந்த முறையும் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

திருத்தணியில் ஒரு நர்சரி ஸ்கூலை ஞாயிறு மதியம் கேட்டு வாங்கி, இவரைப் போன்றவர்களுக்கு நாங்கள் சிலர் பாடம் சொல்லித்தருகிறோம். குழந்தைகள் நாற்காலியில் மீசைக்காரர்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமே! கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காத நாளில்கூட முனிரத்தினம் வந்துவிடுவார். என் பக்கம்தான் உட்காருவார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை... சரி, நிறையவே.

அப்புறம் வந்து சேர்ந்தார், இன்சூரன்ஸ் ஏஜென்ட் சீனிவாசலு. அவரும் சொல்லித்தரத்தான் வந்தார். பாதி தமிழ், பாதி தெலுங்கு, நடுநடுவே சிரிப்பு. வந்த வேகத்தில் வகுப்பே அவரை 'பாவா' என்கிறது. அதாவது மச்சான் முறை. உரிமையோடு கிண்டல் பண்ணலாம், சண்டை போடலாம். நான்? வருஷக்கணக்காக வெறும் 'சார்'.

அன்றைக்கு இருபடிச் சமன்பாட்டைத் தொண்டை வறள விளக்கி முடித்தேன்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றார் முனிரத்தினம். அடுத்த நிமிஷம் அந்தக் குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சீனிவாசலு பக்கம் போனார்.

"பாவா, ஒரு எழவும் புரியல. மொதல்லேர்ந்து சொல்லு."

வயிறு எரிந்தது. பச்சையாகச் சொன்னால், பொறாமை. டீ குடிக்கும்போது ஆளை மடக்கிவிட்டேன்.

"என்கிட்ட புரிஞ்சுதுன்னீங்களே?"

"ஆங், சொன்னேங்க சார்."

"ஏன்?"

நெளிந்தார். "நீங்களும் திரும்பத் திரும்ப சொல்லிக்கினே இருக்கீங்க. அதுக்கு மேலயும் புரியலன்னா உங்க மூஞ்சி ஒரு மாரி ஆயிடுது சார். பாவமா இருக்கும். அதான் எல்லாருமே புரிஞ்சுதுன்னு சொல்லிடறது."

எல்லாருமே!

நான் அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர்கள் என் மனசு கோணாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குச் சொல்லித்தருவதில் இதுதான் ஆபத்து. குழந்தை என்றால் கொட்டாவி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பெரியவர்களோ மரியாதை தெரிந்தவர்கள் — தலையாட்டிவிட்டு, பரீட்சையில் கோட்டைவிட்டுவிடுவார்கள். 'புரியல' என்று ஒருத்தர் நம்மிடம் கூசாமல் சொல்வதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

"இனிமே அவர்கிட்டயே உக்காருங்க. பாஸாகறதுதான் முக்கியம்" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

"ரொம்ப தேங்க்ஸ் சார்!"

கொஞ்சம் தயங்கியிருக்கலாம் மனுஷன்.

அவர் பாஸாக வேண்டும் என்று மலைக்குப் போய் முருகனிடம் மனசார வேண்டிக்கொண்டேன் — முப்பத்தைந்து மார்க் போதும் சாமி, தொண்ணூறு வாங்கினால் என்னால் தாங்க முடியாது!