சிவப்புக் கழுத்துப்பட்டி

யோகமலருக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். தெரிந்தவர்களிடம் கேட்டால் 'கொஞ்சம்' என்று சொல்லமாட்டார்கள். டூட்டிங்கில் எமில்டா நடத்தும் தையல் கடையில், மெஷினுக்குப் பின்னால் அவளைப் பார்க்கலாம். நெற்றியில் சிவப்புப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. புருஷன் பாஸ்கரன் தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்தில் ஒரு காலை வேலைக்கென்று சைக்கிளில் போனவர், திரும்பி வரவில்லை. பிடித்தது யார், கொண்டுபோனது எங்கே, ஒன்றும் தெரியாது. மகள் மிதுஷாவைக் கூட்டிக்கொண்டு லண்டன் வந்த பிறகும் அவள் பொட்டை அழிக்கவில்லை. உடலைக் காட்டுங்கள், அழிக்கிறேன் என்று சொல்லி எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள்.

அந்தப் பொட்டுத்தான் இப்போது மிதுஷாவின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது. லூயிஷாமில் இருக்கும் சஞ்சயனைக் கட்டுவதென்று எப்போதோ முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு தடையும் இல்லை. தடை, பாஸ்கரனின் தமையன் விஜயரத்தினம். தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அவர். தம்பி உயிரோடு இருந்தால் அது அவனுடைய உரிமை, இல்லையென்றால் அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தபிறகுதான் மணவறைப் பக்கம் வருவேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்து அந்தியேட்டிக் கிரியையை முடிக்கலாம் என்று கோவில் ஐயரும் சொல்லியிருந்தார். புல்லை எரித்துவிட்டு மனுஷனை எரித்தேன் என்று சொல்ல என்னால் ஏலாது என்றாள் யோகமலர். இரண்டு பிடிவாதங்களுக்கும் நடுவில் மிதுஷாவுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. முதலில் சண்டை பிடித்தாள், பிறகு அழுதாள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்தேழு மாசி மாதம் ஜப்பானிலிருந்து கெய்ஷாக்கள் என்னும் நடனக்காரிகள் வந்தார்கள். குளிர் முற்றாகப் போகும் முன்னரே அங்கே பிளம் மரம் பூத்துவிடுமாம். அதை அவர்கள் ஊரில் விழாவாகக் கொண்டாடுவார்களாம். அதே விழாவை லண்டனில் ஒரு மண்டபத்தில், நடனமும் தேநீருமாக நடத்த ஏற்பாடு. உடுப்புகளுக்குப் பொறுப்பாக வந்த பெண் வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். அதனால் மொழிபெயர்ப்பாளர் மிஸஸ் ஓட்டா இரண்டு உள்ளங்கிகளை எமில்டாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். கிமோனோவுக்கு உள்ளே போடுவது. அதன் கழுத்துப்பட்டி மட்டும் வெளியே தெரியும். மாற்றும்போதெல்லாம் பிரித்துக் கையால் தைக்க வேண்டும். மூத்த கெய்ஷாவின் அங்கியில் அழுக்கான வெள்ளைக்குப் பதில் புது வெள்ளை. பயிற்சியில் இருக்கும் இளையவளின் அங்கியில் சிவப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை.

சிவப்பு எதற்காக வெள்ளையாக வேண்டும் என்று யோகமலர் கேட்டாள். எமில்டாவுக்கு அன்று கடை நிறைய ஆள். "அது அவையின்ர முறையாம். இனிமேல் அந்தப் பிள்ளைக்கு வெள்ளைதானாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வேறு யாராவது கேட்டிருந்தால் சரியென்று தைத்துக் கொடுத்திருப்பார்கள். யோகமலர் பொதியோடு வந்த விழா நோட்டீசை எடுத்துப் பார்த்தாள். அதில் அந்தப் பெண்ணின் படம் இருந்தது. தலையில் சின்னச் சின்னப் பூ, கழுத்தில் சிவப்பு, இருபது வயதுகூட மதிக்க முடியாத முகம். இனிமேல் வெள்ளைதான் என்றால், புருஷன் போய்விட்டான் என்பதைத் தவிர வேறென்ன அர்த்தம்? எந்த நாட்டுக்குப் போனாலும் இதைத்தான் செய்கிறார்கள் பாவிகள் என்று பொருமினாள். அங்கேயும் யாரோ ஒரு பாஸ்கரன் இருந்திருப்பான், அவனுக்கு ஒரு விஜயரத்தினமும் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். முந்தினநாள்தான் விஜயரத்தினம் போன் எடுத்து, பங்குனிக்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லியிருந்தார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

சிவப்புப் பட்டியைப் பிரித்தாள், கறை போகத் துடைத்தாள், திரும்பவும் அதே அங்கியில் கண்ணுக்குத் தெரியாத தையலாக வைத்தாள். கேட்டால், சொன்னது விளங்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு பிள்ளையையாவது காப்பாற்றினேன் என்று அவளுக்கு மெய்யாகவே திருப்தி. பொதியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மண்டபத்தின் உடைமாற்றும் அறையில் மூத்த கெய்ஷா பொதியைப் பிரித்தாள். சிவப்பைக் கண்டதும் அங்கியை மிஸஸ் ஓட்டாவிடம் நீட்டினாள். இளையவள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் பூசிய வெள்ளை கலைந்துவிடுமே என்று அவள் அழுகையை அடக்கப் பட்ட பாட்டைப் பார்க்க யோகமலருக்குச் சங்கடமாக இருந்தது.

மிஸஸ் ஓட்டா நல்ல மனுஷி, கத்தவில்லை. சிவப்புக் கழுத்து பயிற்சிப் பெண்களுக்கு உரியது, பயிற்சி முடிந்து முழுக் கெய்ஷா ஆகும் நாளில் அது வெள்ளையாகும், அந்த நாள் இன்று என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். சுவரோரம் கறுப்புக் கிமோனோ ஒன்று தொங்கியது; கீழ் விளிம்பில் மட்டும் பிளம் பூக்கள். துணியிலிருக்கும் பூவை மரம் முழுதாகப் பூக்குமுன் உடுத்த வேண்டுமாம். மரம் நிறையப் பூ விரிந்தபிறகு உடுத்துவது அழகில்லையாம். இன்று தவறினால் அதை அடுத்த வருடம்தான் எடுக்கலாம்.

"ஐந்து வருடம் காத்திருந்தாள். தன் கையில் ஒன்றும் இல்லாத காத்திருப்பு. பெரியவர்கள் சரி என்று சொல்லும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்" என்றார் மிஸஸ் ஓட்டா.

விளங்கவில்லை என்று சொல்ல வைத்திருந்த பொய் யோகமலரின் வாயில் வரவில்லை. ஊசி கேட்டாள். தரையில் உட்கார்ந்து சிவப்பைப் பிரித்தாள், பொதியில் அப்படியே இருந்த வெள்ளையை வைத்தாள். இளையவள் எதிரே முழங்கால் மடித்து இருந்து, பசித்த பிள்ளை அடுப்பைப் பார்ப்பதுபோல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்து முடிந்ததும் நிலத்தில் நெற்றி படும்படி வணங்கினாள். யோகமலருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அல்லவா இவளுக்கு நல்லது செய்யப் போனேன் என்று நினைத்தாள். மிதுஷாவையும் நினைத்தாள். நடனம் பார்க்க இருக்கச் சொன்னார்கள், இருக்கவில்லை. ரயிலில் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

வீட்டில் மிதுஷா சோறு சூடாக்கிக்கொண்டிருந்தாள். யோகமலர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தால் மனம் மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"பெரியப்பாவுக்குச் சொல்லு. ஐயரிட்ட நாள் கேக்கட்டாம். அந்தியேட்டியைச் செய்வம்" என்றாள்.

மகள் கட்டிப்பிடிப்பாள், அல்லது இத்தனை நாள் ஏன் வதைத்தாய் என்று சீறுவாள். இரண்டுக்கும் யோகமலர் தயாராகவே வந்திருந்தாள். மிதுஷா அடுப்பை நிறுத்தினாள். தாயின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, அப்பா செத்திட்டாரோ அம்மா?"

பெரியப்பா பக்கம் நின்று வாதாடிய பிள்ளைதான். ஆனால் தாய் மாட்டேன் மாட்டேன் என்று சொல்லச் சொல்ல, அந்த மாட்டேனில்தான் இவளும் தகப்பனை உயிரோடு வைத்திருந்திருக்கிறாள். அது யோகமலருக்கு இப்போதுதான் தெரிந்தது. இல்லையம்மா, ஆருக்குத் தெரியும், வரக்கூடும் என்று சொல்ல அவளுக்கு ஆசை ஆசையாக இருந்தது.

"ஓம் பிள்ளை" என்றாள்.