அடித்துவிட்ட பெயர்

நம்பாதவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் குடித்திருக்கவில்லை, தூங்கவில்லை. இரவுகூட இல்லை. 1986 நவம்பர், வியாழன், பகல் மூன்று பத்து. வட வேல்ஸில் எங்கள் வாரப் பத்திரிகை அலுவலகம். நான் நெரிஸ், அங்கே துணையாசிரியை.

ஆவிக்கு முன்னால் என் ஆத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் செய்தியாளர் இட்வல் புரோசர் நாற்பது வருடம் கல்லறை கல்லறையாக அலைந்து ஊர்ச் சரித்திரம் எழுதியவர். 1907இல் ஸ்லேட் கல் குவாரி சரிந்து செத்த பன்னிரண்டு பேரின் பட்டியலைக் கொடுத்தார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரே பெயர். அதனால் ஒவ்வொருவருக்கும் அவர் குடியிருந்த வீட்டின் பெயரையும் சேர்த்திருந்தார். பக்கத்தில் இடமில்லை என்று வீட்டுப் பெயர்களை வெட்டினேன். மறுநாள் பிழை பார்க்கும்போது 'ஓவன் பாரி' இரண்டு முறை இருந்தது. தவறி வந்தது என்று ஒன்றை அடித்துவிட்டேன்.

பத்திரிகை வெளிவந்ததும் இட்வல் கொதித்துப்போய் வந்தார். "அது ரெண்டு ஆளும்மா! உங்க பட்டியலைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் நினைவுக்கல்லுல வெட்டப்போறாங்க!"

ஆசிரியர் ஹெவின் தலையைக்கூடத் தூக்கவில்லை. "செத்து எண்பது வருஷமாச்சு, இட்வல். திருத்தமெல்லாம் போட முடியாது. போய்யா."

நான் அடுத்த பக்கத்துக்குப் பிழை பார்க்கத் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இட்வல் மாரடைப்பில் போய்விட்டார். ஹெவின் மேலும் என் மேலும் எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை.

அந்த வியாழன் மழை கொட்டியது. பக்கம் அச்சுக்குப் போக ஐம்பது நிமிடம். கதவுச் சத்தம் கேட்கவில்லை... ஆனால் என் மேசைக்கு எதிரே ஒருவன் நின்றான்.

தொப்பி, கோட்டு, மீசை எல்லாம் ஸ்லேட் தூசி.

காய்ந்த தூசி. அந்த மழையில்...

"என் பேரை எதுக்கு அடிச்சே?"

"நீங்க யாரு?"

"ஓவன் பாரி. பிரின்கோச் வீடு."

யாரோ பேரன் என்று நினைத்தேன். "ஒரே பேர் ரெண்டு வாட்டி இருந்துச்சு. அதான்..."

"அவங்களும் இதையேதான் சொன்னாங்க."

பல்லை நறநறவென்று கடித்தான். மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

"எனக்காகக் கத்த இட்வல் ஒருத்தன் இருந்தான். அவனும் போயிட்டான். எழுது!"

எழுதினேன்.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை...

மூன்று பதினான்கு.

ஹெவின் எட்டிப் பார்த்தார். "யார்கிட்ட தனியாப் பேசிட்டிருக்கே?"

"திருத்தம் போடறேன்."

"போடாதேன்னு சொன்னேன்ல?"

"போடத்தான் போறேன். வேணும்னா என்னை வேலையை விட்டுத் தூக்குங்க."

தூக்கினார். ஆனால் திருத்தம் அச்சாகி, கல்லில் பன்னிரண்டு பெயர்களும் ஏறின.

அடுத்த மாதம் இட்வலின் மனைவி லோவ்ரி அவருடைய நோட்டை என்னிடம் கொடுத்தார். அதில் படித்தது இது. சரிவு நடந்தது செவ்வாய்க்கிழமை. அன்று மாலை ஹெண்ட்ரே வீட்டு ஓவன் பாரியின் உடலை எடுத்தார்கள். சிக்கியவர்களின் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை இருக்கிறதே என்று குவாரி மேலாளர் ஒன்றை அடித்தார். எல்லாரும் கிடைத்தாயிற்று என்று தோண்டுவதை நிறுத்தினார்கள். பிரின்கோச் ஓவன் குவாரிக் கொட்டகையிலேயே தங்கி, சனிக்கிழமைதான் வீட்டுக்குப் போகிறவன். கூடத் தங்கியவர்களும் செத்துப்போனதால் கேட்க ஆளில்லை. செத்தது ஹெண்ட்ரே ஓவன்தான் என்று நம்பியிருந்த மனைவி, சனிக்கிழமை அவன் வராததால் தேடி வந்து கதறிய பிறகுதான் மறுபடி தோண்டினார்கள்.

இரவு எட்டு மணிக்கு அவனை வெளியே எடுத்தபோது, உடம்பில் சூடு ஆறியிருக்கவில்லை.