சுவரில்லாத சமையல்கட்டு

எங்க புது வீட்டுல எனக்குப் பிடிக்காத ஒரே இடம் சமையல்கட்டு. நாள்ல முக்கால்வாசி நேரம் அங்கயே நிக்கிற பொம்பள இப்படிச் சொன்னா அவ கதி இன்னான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அழுக்கு, இருட்டு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. பளபளன்னு கிரானைட், மேல குட்டிக்குட்டியா லைட்டு, இழுத்தா சத்தமே போடாத டிராயர், எல்லாம் இருந்துச்சு. சுவர் மட்டும் இல்ல.

பழைய வீட்டப் பத்திச் சொன்னாதான் என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும். ஆம்பூர்ல ஒரு சந்துக்குள்ள இருந்தோம். என் வீட்டுக்காரர் தோல் புரோக்கர். தோல் பதனிடற டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் நடுவுல ஓடற மனுஷன். தனியா ஆபீஸெல்லாம் கிடையாது, எங்க ஹால்தான் ஆபீஸ். காலைல டிபன் முடியறதுக்குள்ள ஆளுங்க வந்துடுவாங்க. டீப்பாய் மேல சாம்பிள் தோல விரிச்சு, கட்டவிரலால தேச்சு, மடிச்சு, மோந்து பாத்து, கம்மி ஜாஸ்தின்னு பேசிட்டிருப்பாங்க. நான் பின்னால, திரைக்கு அந்தப் பக்கம் இருப்பேன். டீ ரெடியானா தட்டுல கரண்டியால டங்குன்னு ஒரு தட்டு தட்டுவேன். அவர் எழுந்து வந்து, திரைக்கு நடுவுல கைய நீட்டி வாங்கிட்டுப் போவாரு.

இதக் கேட்டுட்டு, ஐயோ பாவம், கோஷா பொம்பளய அடச்சு வச்சிருந்தாங்கன்னு உச்சுக்கொட்டாதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். பஜாருக்கு நான்தான் போறேன். பேங்கு கியூவுல நிக்கறேன். கரண்டு ஆபீஸ்ல போய் சண்ட போட்டுட்டு வர்றேன். அங்கல்லாம் போறப்ப ரெடியாகிப் போறேன். என் சமையல்கட்டுல மட்டும் எனக்கு ரெடியாகப் பிடிக்காது. பழைய நைட்டி, அள்ளி முடிஞ்ச தலை, வாய்க்கு வந்த பாட்டு, அதான் என் ராஜ்ஜியம். அங்க எவன் கண்ணும் என் மேல படக்கூடாது. நான் கேட்டது அவ்ளோதான்.

பைபாஸ் பக்கம் மனை வாங்கிப் போட்டிருந்தோம். இப்ப அங்க தெருத்தெருவா வீடு எழும்புது. எல்லாம் முன்பக்கம் கண்ணாடியும் ஸ்டீலுமா, வீடா ஷோரூமான்னே தெரியல. நாங்க ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இவர் தோல் கண்காட்சிக்குன்னு வெளிநாடு போய்ட்டு வந்தாரு. அங்க தோல் வாங்கற பையர் ஒருத்தர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காரு. அவர் பொண்டாட்டி ஒரு ஓரமா சமைக்க, இவங்க அதே ரூம்ல உக்காந்து பேசினாங்களாம். ஊருக்கு வந்து இறங்கினதுலருந்து அதே பாட்டுதான். நமக்கும் அப்படித்தான் கட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு.

வேலூர்லருந்து ஒரு இன்ஜினியர் வந்தாரு. சின்ன வயசு, நல்ல தாடி, கைல டேப்லட். அதுல எங்க வீட்டக் கட்டாமயே கட்டிக் காட்டினாரு. ஹால், சோபா, சோபாவுக்கு எதுத்தாப்ல அடுப்பு. அடுப்புக்கிட்ட பாவாட போட்ட ஒரு வெள்ளக்காரப் பொண்ணு வெள்ளரிக்கா வெட்டிட்டு நிக்குது.

"செவுரு எங்க தம்பி?"ன்னேன்.

"ஓப்பன் கிச்சன் மேடம். செவுரு வந்தா ஸ்பேஸ் கட் ஆய்டும். இப்ப எல்லாரும் இதான் கேக்கறாங்க."

"இந்தப் பொண்ணு வெள்ளரிக்காதான வெட்டுது? பிரியாணிக்கு வெங்காயம் வதக்கச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்."

தம்பி சிரிச்சாரு. என் வீட்டுக்காரர் சிரிக்கல. மக கல்யாணத்துலருந்து திரைத்துணி கலர் வரைக்கும் எங்க வீட்டுல என் பேச்சுதான். இந்த ஒரு விஷயத்துல மட்டும் மனுஷன் பிடிச்ச பிடிய விடவே இல்ல. காத்தோட்டம்னாரு, வெளிச்சம்னாரு, மாடர்ன்னாரு. நானும் கத்திப் பாத்தேன், பேசாம இருந்து பாத்தேன். ம்ஹூம்.

குடி போனோம். யா அல்லா, அதுக்கப்புறம் நான் பட்ட பேஜார் இருக்கே! பெல் அடிச்சா கரண்டியப் போட்டுட்டு பெட்ரூமுக்கு ஓடணும். ஆளுங்க போற வரைக்கும் உள்ளயே உக்காந்து, பால் பொங்குதா குழம்பு தீயுதான்னு காதாலயே சமைக்கணும். இல்லன்னா வேலூர் பக்கத்து வெயில்ல, அடுப்பு முன்னாடி, தலைலருந்து கால் வரைக்கும் போத்திக்கிட்டு நிக்கணும். சொந்த வீட்டுல, சொந்தக் காசுல! சோபாவெல்லாம் மட்டன் வாட. சாம்பிள் தோல்லயும் ஏறிப்போச்சு. மெட்ராஸ்லருந்து வந்த ஒருத்தர் தோல மோந்து பாத்துட்டு, "பாய், டேனரில இதுக்கு இன்னா மசாலா போட்டீங்க?"ன்னாராம். அதயும் இவர் வந்து சிரிச்சுக்கிட்டே என்கிட்டயே சொல்றாரு.

பொறுத்துப் பொறுத்துப் பாத்து, நடுவுல ஒரு கம்பி அடிச்சுத் திரை போட்டேன். அந்தச் சமயம் பாத்து இன்ஜினியர் தம்பி வீட்டப் போட்டோ எடுக்க வந்தாரு.

"மேடம், இதக் கழட்டிடலாமா? டிசைனே கெட்டுப்போகுது."

"தம்பி, உங்க வீட்டுல அம்மா எங்க சமைக்கிறாங்க?"

"பின்னாடி மேடம்."

"நடுவுல செவுரு இருக்கா?"

தம்பி கேமராவப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "இருக்கு மேடம்."

வந்ததுக்கு வாசலப் போட்டோ எடுத்துட்டுப் போனாரு.

திரையும் ரொம்ப நாள் தாங்கல. ஃபேன் போட்டா அடுப்புப் பக்கமே பறக்குது, எப்ப பத்திக்குமோன்னு பயந்து கழட்டிட்டேன். அப்புறம் ஒரு நாள் மத்தியானம். மக வர்றான்னு கறியும் பருப்பும் போட்டு தால்ச்சா வச்சிருந்தேன். ஃபோன் இல்ல, தகவல் இல்ல, நாலஞ்சு பேர் சாம்பிளோட வந்து உக்காந்துட்டாங்க. நான் உள்ள ஓடிட்டேன். எழுந்திருப்பாங்க, எழுந்திருப்பாங்கன்னு பாக்கறேன், பேச்சு வளந்துக்கிட்டே போகுது. அடிப்பிடிக்கிற வாட கதவிடுக்குல வருது. உள்ளருந்து கதவத் தட்டினேன். இவர் எழுந்து போய் அடுப்ப அணைச்சாரு. அணைச்சது பக்கத்து அடுப்ப!

ஆளுங்க போனதும் வெளிய வந்தேன். கரிஞ்ச சட்டிய ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து, டீப்பாய் மேல, அவரோட சாம்பிள் தோல் மேலயே டொக்குன்னு வச்சேன். எங்க வீட்டுல பேச்சு உருதும் தமிழும் கலந்துதான் வரும். சண்ட மட்டும் சுத்தத் தமிழ்.

"நாளைக்கே மேஸ்திரியக் கூப்பிடுங்க. எனக்கு செவுரு வேணும்."

"செவுரு, செவுரு, செவுரு!" அவர் இப்படிக் கத்தி நான் பாத்ததே இல்ல. "கல்யாணம் ஆன நாள்லருந்து நான் செவுத்துக்கிட்டதான பேசிட்டிருக்கேன். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். டங்குன்னு தட்டுனா டீ வரும், போய் வாங்கிட்டு வரணும். மகளயும் கட்டிக் குடுத்தாச்சு. இனிமேலாவது வீட்டுக்கு வந்தா உன் மூஞ்சி தெரியட்டும்னு நெனச்சேன். அது தப்பா?"

எனக்கு அழுகைதான் வந்திருக்கணும். வந்தது கோவம்தான்.

"அட மனுஷா! இத வாயத் தொறந்து சொல்றதுக்கு ஒரு வீடே கட்டணுமா? பழைய வீட்டுல நடுவுல தொங்கினது ஒரு திரைத்துணி. ஒதுக்கிட்டு உள்ள வர்றதுக்கு உங்கள யாரு தடுத்தது?"

அவர் சட்டியவே பாத்துட்டிருந்தாரு. குரல் இறங்கிப்போச்சு.

"நீ கூப்பிட்டதே இல்லயே."

கூப்பிடணுமாம்! புது மாப்பிள பாருங்க, பத்திரிகை வச்சுக் கூப்பிடறதுக்கு! சட்டிய எடுத்துட்டுப் போய் ஊற வச்சேன். கை வேலை செய்யுது, மனசு அந்த ஒரு வார்த்தையவே சுத்திச் சுத்தி வருது. இத்தன வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருந்துட்டு, கூப்பிடலன்னு ஒரு மனுஷன் வெளியவே உக்காந்திருந்தாரா?

மேஸ்திரிய அவரேதான் கூட்டிட்டு வந்தாரு. செங்கல் வச்சு, பூசி, கதவும் போட்டாச்சு. கிரானைட் கொஞ்சம் உடைஞ்சுது, உடையட்டும். நைட்டியும் பாட்டும் எனக்குத் திரும்பக் கிடைச்சுது. பூச்சு காஞ்ச அன்னைக்கு சாயங்காலம் கதவ லேசாத் தொறந்து வச்சுட்டு, "உள்ள வாங்க"ன்னேன். வந்தாரு. உக்கார இடமில்லாம அரிசி டிரம் மேல உக்காந்தாரு.

அன்னைக்குப் பிடிச்சது சனி. தினமும் வர்றாரு. நான் அரிசி எடுக்கறப்பல்லாம் அவர எழுப்பணும். குறுக்க காலு, நெடுக்க பேச்சு. எந்த டேனரில எவன் ஏமாத்தறான், அவர் சின்னப் புள்ளைல பாலாத்துல எங்க குளிச்சாரு, எல்லாம் நான் கேக்கணும். உப்பு பாக்கச் சொன்னா அதுக்கும் ஒரு கத. பேசாம செவுரே இல்லாம இருந்திருக்கலாமோன்னு கூட ஒருநாள் தோணிப்போச்சு.

போன வாரம் அப்படித்தான் பேசிட்டே இருந்தாரு. பெல் அடிச்சுது.

"ஆளுங்க வந்துட்டாங்க, போங்க"ன்னேன்.

"நான் இல்லன்னு சொல்லிடேன்"னாரு, டிரம்ம விட்டு அசையாம.

"பொய்யெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க."

"நானே போய் நான் இல்லன்னு எப்படிச் சொல்றது?"

திரும்ப பெல் அடிச்சுது. அவரும் போகல, நானும் போகல. குழம்பு கொதிக்கிற சத்தம் வெளிய கேட்டுடப் போகுதுன்னு அடுப்பச் சிம்ல வச்சேன். அவர் குரலத் தாழ்த்திக்கிட்டு, விட்ட இடத்துலருந்து பேச ஆரம்பிச்சாரு.