எண்ணெய்க்குப் போட்ட ஃபுட் வால்வு

டர்போ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே டர்போ பேசுவார். துணி துவைக்கிற கல்லில் என் சோப்பைப் போட்டு டர்போவைத் தேய்ப்பார். என் வீட்டுக்காரர் எழிலைத்தான் சொல்கிறேன். ஆளைப் பார்த்தால் அப்படியெல்லாம் தெரியாது. ஒல்லி உடம்பு, மெல்லிய குரல். எதிரே யார் வந்தாலும் ஒதுங்கி நின்று 'வாங்க' என்று சொல்லிவிட்டுத்தான் நடப்பார்.

சிங்காநல்லூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பட்டறை. பம்பு, மோட்டார் ரிப்பேர். என் மாமனார் சின்னானும் மாமியார் பழனியாத்தாளும் காரமடைப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். இவர் கூலிக்குப் போகவில்லை, கிணற்றில் இறங்கினார். எந்தக் கிணற்றில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றாலும் கூப்பிட்டு விடுவார்கள். நனைந்து ஏறி வருகிறவருக்குத் தண்ணீர் மட்டும் தனி டம்ளரில் வரும். அந்தக் கோபத்தை ஒருநாளும் யாரிடமும் காட்டியதில்லை. காட்டினால் அடுத்த கிணறு கிடைக்காதே. ஆனால் பைக்கில் ஏறிவிட்டால் இவர் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடும். என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பறப்பதைப் பார்த்து, கிணற்றில் இறங்குகிற மனுஷன்தானா இது என்று நானே யோசித்திருக்கிறேன்.

அவிநாசி ரோட்டில் பெரிய பைக்குகள் இவரை உரசிக்கொண்டு போகும். அந்த மாதிரி வண்டி வாங்க எங்களால் ஆகாது. அதை ரைஹானிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறார். ரைஹான், உக்கடத்தில் உடைத்த வண்டிகளின் சாமான் விற்கிறவன். இவரைவிடச் சின்னவன். வாய் நிறைய அண்ணா அண்ணா என்பான்.

"வாங்க முடியலீன்னா செஞ்சு போடலாங்ணா. பல்லடத்துல கோழி லோடு ஓட்டுன குட்டி டெம்போ ஒண்ணு ஒடைக்க வந்திருக்குது. அதோட டர்போவ எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்து அனுப்பினான்.

வீட்டுக்கு வந்த டர்போ ஒரு தேங்காய் அளவுதான் இருந்தது. கோழி வாடை அடிக்கிறது என்று நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இவர் காது கொடுத்துக் கேட்டால்தானே. சைலன்ஸரில் வீணாகப் போகிற புகை இதற்குள் ஒரு சக்கரத்தைச் சுற்றும், அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும், காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் வேகம் கூடும் என்று சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. புதுசாக ஒன்றும் வாங்கவில்லை. பம்புக்கு வைத்திருந்த செம்புத் தகட்டை வெட்டி கேஸ்கெட், பட்டறையில் கிடந்த குழாய், ரப்பர் டியூப், கிளிப். கிணற்றுச் சாமானை வைத்தே பைக்கை முடித்துவிட்டார்.

வண்டி ஓடியது. ஓடியதா, பாய்ந்தது. முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கும் சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அடுத்து ரைஹானும் தனக்கு ஒன்று வேண்டும் என்றான். உக்கடத்துக்குப் பக்கத்தில் கரும்புக்கடை என்கிற ஏரியாவில் அவன் வீட்டு வாசலிலேயே வைத்து மாட்டிக் கொடுத்தார். அவன் அம்மா உம்மல் குல்சும் எங்களை உட்கார வைத்துக் கறிச்சோறு போட்டார்கள். அவன் மனைவி நஸ்ரியா என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டாள். அந்த வீட்டில் யாருக்கும் தனி டம்ளர் கிடையாது. அதனாலேயே இவருக்கு அந்த வீடு என்றால் உயிர்.

ரைஹான் வண்டியில் ஒரு தொந்தரவு வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை.

"கொசு மருந்து வண்டி வந்துருச்சுன்னு பக்கத்து ஊட்டுக்காரங்க கதவச் சாத்தறாங்கண்ணா. மானம் போகுது" என்றான்.

டர்போ சூடாகாமல் இருக்க எஞ்சின் எண்ணெய் அதற்குள் போய்விட்டுத் திரும்ப வேண்டும். போக ஒரு குழாய், திரும்ப ஒரு குழாய். ராத்திரி வண்டி சாய்ந்து நிற்கும்போது எண்ணெய் பின்னால் ஏறி டர்போவுக்குள் தங்கிவிடுகிறது, காலையில் அது எரிந்து புகைகிறது. இதைக் கண்டுபிடிக்க இவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கிணற்றில் ஏற்றிய தண்ணீர் திரும்ப இறங்காமல் இருக்க என்ன செய்வோம்? குழாய் முனையில் ஃபுட் வால்வு மாட்டுவோம். ஒரு பக்கம் திறக்கும், மறுபக்கம் மூடிக்கொள்ளும். அதே மாதிரி பித்தளையில், ஸ்பிரிங் வைத்து, கட்டைவிரல் அளவில் ஒன்றைக் கடைந்து, எண்ணெய் திரும்புகிற குழாயில் வைத்துவிட்டார். புகை அன்றோடு நின்றது. ரைஹான் அதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, எங்கண்ணன் மாதிரி மெக்கானிக் உண்டா என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் தன் வண்டிக்கும் அதே வால்வை மாட்டினார். பட்டறை முன்னால் ஸ்டாண்டில் போட்டு, சூடு ஏறட்டும் என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். பட்டென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் எண்ணெய் டியூப் கிளிப்பைவிட்டுப் பிதுங்கித் தொங்குகிறது. கொதிக்கிற எண்ணெய் பின் டயர் முழுக்க வழிகிறது.

இவர் எஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சுங்க மாமா?"

"கெணத்துல மோட்டார் தண்ணியத் தள்ளுது அம்மணி. அந்தத் தள்ளுல வால்வு தொறக்குது. இதுல எண்ணெய் சும்மா கீழ எறங்குது, அவ்வளவுதான். தள்ளறதுக்கு ஆளில்ல. வால்வு சரியாத் தொறக்கறதில்ல. மெதுவா ஓட்டுனாத் தெரியாது, முறுக்குனா எண்ணெய் உள்ளயே ரொம்பி டியூப்பத் தள்ளிருது." கையைத் துடைத்துக்கொண்டே பேசியவர் சட்டென்று நிறுத்தினார். "ரைஹான் வண்டி."

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நஸ்ரியாவுக்குப் போட்டார்.

"பிரண்ட்ஸோட காரமடைக்குப் போறேன்னு கெளம்பிட்டாருங்கண்ணா. இதுவரைக்கும் ஊருக்குள்ளயேதான் ஓட்டிட்டு இருந்தாரு. இன்னைக்கு ரோட்டுல முறுக்கிப் பாத்துப்போட்டு வாரேன்னு சொன்னாரு. ஏனுங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் வண்டி பிரிந்து கிடந்தது. என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். காந்திபுரத்து சிக்னல் ஒவ்வொன்றிலும் நான் ரைஹானுக்கு மறுபடி மறுபடி போன் போட்டேன். நண்பர்களின் நம்பர் எங்களிடம் இல்லை. துடியலூர் தாண்டியதும் இவர் ஸ்கூட்டரை முழுக்க முறுக்கினார். நான் இவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி ஒரு வளைவில் கூட்டம். கூடப் போன நண்பர்கள் தெரியாமல் முன்னாலேயே போய்விட்டிருந்தார்கள். ரைஹான் ரோட்டோரம் படுத்திருந்தான். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியிருந்தது. வலது காலைப் பார்க்க முடியவில்லை, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர்தான் ஓடிப்போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"டயர் வழுக்கிருச்சுங்கண்ணா. எவனோ லாரிக்காரன் ரோட்டுல ஆயில ஊத்திட்டுப் போயிருக்கறான். வண்டிக்கு அடி பட்டிருச்சா, பாருங்க" என்றான் அவன். அதோடு நினைவு தப்பிவிட்டது.

சுற்றி நின்றவர்கள் லாரிக்காரனைத் திட்டினார்கள். இவர் ரோட்டில் இருந்த எண்ணெயைப் பார்த்தார். அது வளைவில் ஆரம்பிக்கவில்லை. ரைஹான் வந்த வழியெல்லாம் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தது. எங்கள் இருவரைத் தவிர அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டு போனார்கள். காலைக் காப்பாற்றப் பார்க்கிறோம், உள்ளே ரத்தம் கசிகிறது, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் நஸ்ரியாவும் உம்மல் குல்சும் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா நேராக வந்து இவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். இவர் சட்டையெல்லாம் ரைஹானின் ரத்தம்.

"நீ போயித் தூக்காட்டி எம்பையன் ரோட்டுலயே கெடந்திருப்பான். அல்லா உன்னய நல்லா வெச்சிருக்கோணும் கண்ணு."

லாரி என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. ரைஹானே சொல்லிவிட்டான். அது அப்படியே நின்றுவிடாதா என்று தோன்றியது.

"லாரி இல்லீங்கம்மா" என்றார் இவர். "எண்ணெய் அவன் வண்டியிலிருந்துதான் கொட்டிருக்குது. நான் ஒரு வால்வு வெச்சேங்க. அது தப்பு. வெச்சிருக்கவே கூடாது. காலையிலதான் தெரிஞ்சுது. சொல்றதுக்குள்ள கெளம்பிட்டான்."

நஸ்ரியா ஓரடி பின்னால் நகர்ந்தாள். உம்மல் குல்சும் அம்மா கையை விடவில்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். புருஷன் போனபிறகு உக்கடத்துச் சாமான் கடையை இத்தனை வருஷம் நடத்தியவர் அவர்தான். ஒரு சாமான் பழுது என்று தெரிந்தால், அது வேறு யார் கைக்கெல்லாம் போயிருக்கிறது என்பதுதான் அவர் முதலில் கேட்கிற கேள்வி.

"வேற யாரு வண்டியிலாச்சும் அத வெச்சிருக்கறயா?"

"இல்லீங்கம்மா, இவனுக்கு மட்டுந்தான்..." என்று ஆரம்பித்தவர் தன்னையே திருத்திக்கொண்டார். "பல்லடத்துல சசிதர்னு ஒரு தம்பி. அவரும் வண்டிக்கு டர்போ வெச்சிருக்கறாரு. ரைஹான் அனுப்புன வீடியோவப் பாத்துட்டுக் கேட்டாரு. வால்வ மட்டும் பஸ்ஸுல கண்டக்டர்கிட்டக் குடுத்து அனுப்புனேங்க. அவரே மாட்டிக்கறேன்னு சொன்னாரு."

இது எனக்கே தெரியாது. கையால் மாட்டிக் கொடுத்தது மட்டும்தான் இவர் நினைவில் இருந்திருக்கிறது. பஸ்ஸில் போன ஒன்றை மறந்தே போயிருக்கிறார். அந்த இடத்திலேயே இவரை நாலு அறை அறையலாம் போலிருந்தது.

"போடு போன" என்றார்கள் அம்மா.

போட்டார். எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள். அண்ணா, அண்ணா என்று கேட்கிறது. பின்னால் வண்டிச் சத்தம். இவர் போனைக் காதில் வைத்தபடி ரைஹானைக் கொண்டுபோன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மல் குல்சும் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"தம்பி, நான் ரைஹானோட அம்மா பேசறேன். எழில் அனுப்புன வால்வ மாட்டிட்டயா கண்ணு?" பதிலைக் கேட்டார்கள். "அப்ப வண்டிய நிறுத்து. எம்பையன் அதே வால்வுலதான் உழுந்து உள்ள கெடக்கறான். நிறுத்திட்டயா? சாவியக் கழட்டி உங்கம்மாகிட்டக் குடு. அவங்க பேசட்டும், நான் இருக்கறேன்."

சுவரில் சாய்ந்துகொண்டு, முகம் தெரியாத அந்தச் சசிதரின் அம்மா வரும்வரை காத்திருந்தார்கள். சாவி கைக்கு வந்துவிட்டதா என்று கேட்டார்கள். வந்துவிட்டது என்று காதில் கேட்ட பிறகுதான் வைத்தார்கள்.

இவர் போனுக்குக் கை நீட்டினார். அம்மா அதை அவர் கையில் தரவில்லை. பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, நஸ்ரியாவின் பக்கத்தில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.