கஞ்சிக்கு உப்புப் பார்த்தவள்

நோன்பு மாதத்துப் பிற்பகல்களில், பெர்மாஸ் ஜெயா குடியிருப்பின் அந்தச் சின்னத் தொழுகைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மேகம் எழும்பும். பூண்டும் வெந்தயமும் ரம்பை இலையும் மணக்கிற மேகம். அடியில் பெரிய சட்டி, சட்டி நிறைய நோன்புக் கஞ்சி, நீண்ட மரத்துடுப்பைப் பிடித்தபடி மீரா பீவி. ஆவியின் ஊடே பார்த்தால் எதிர்வரிசை வீடுகள் தண்ணீருக்கடியில் நிற்பதுபோலத் தெரியும்; கொடியில் ஆடும் சட்டைகள் மீன்களாகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே கிண்டுவது அவளுக்குப் பிடிக்கும்.

போன வருடம் அந்த மேகத்தில் அவளே ஏறிப் போயிருந்தாள்.

நோன்பு தொடங்கிய கொஞ்ச நாளில் தூக்கம் அவளை விட்டுக் கழன்றுகொண்டது. உடம்பில் எடையே இல்லை. ஒரு சட்டி இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் வாளி வாளியாகக் கஞ்சி போயிற்று. மழை பெய்தால் ஒவ்வொரு துளியும் தன் பெயரைச் சொல்வதாகக் கேட்டது. வேறு மாதமாக இருந்தால் யாராவது நெற்றியைச் சுருக்கியிருப்பார்கள். இதுவோ ரமலான். கண் மூடாமல் தொழுகிறவளை, ஓயாமல் ஆக்கிக் கொடுக்கிறவளை யார் நோயாளி என்பார்கள்? "அல்லாவோட பரக்கத் எறங்கியிருக்கு லாத்தா ஒங்க மேல," என்றாள் பக்கத்து வீட்டுத் தஸ்லிமா. தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூர்க் கிடங்கில் வேலை பார்த்துத் திரும்பும் கணவர் ஹாரூனுக்கும் பெருமைதான்.

பெருநாளுக்கு முந்தைய மாலை, ஊருக்குள் வரும் பாலத்தின் நடுவில் நின்று, போகிற கார்களையெல்லாம் கைதட்டிக் கஞ்சி குடிக்க அழைத்துக்கொண்டிருந்தவளை அவர்தான் தோளைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். கேட்டவர்களிடம், "வேலைக் களைப்பு" என்றார். பிறகு வந்தது மறுபக்கம். திரைச்சீலை மூடிய அறை. எழுந்து பல் துலக்குவதே மலையேறுவதாகிப்போன மாதங்கள்.

பிறந்த ஊரான பத்து பாகாட்டில், பத்தொன்பது வயதிலும் இப்படித்தான் ஒருமுறை உயர்ந்து விழுந்திருந்தாள். காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்டினார்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடக் கூடாதென்று வாயையும் சேர்த்துக் கட்டினார்கள்.

இந்தத் தடவை ஹாரூன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் லோஷினி அதற்கு ஒரு பெயர் சொன்னாள்: பைபோலார். மனம் மிக உயரத்துக்கும் மிக ஆழத்துக்கும் மாறி மாறிப் போகிற நோய். "இனிப்பு நீர் வியாதி மாதிரி தான் ஆண்ட்டி. மாத்திரையும் தூக்கமும் ஒழுங்கா இருந்தா நீங்க பாட்டுக்கு ஒங்க வேலையப் பாக்கலாம். ஆனா தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க. மருந்து ரத்தத்துல கூடிப் போயிரும்." நோன்பு பிடிக்க வேண்டாம், ஈடாக ஏழைக்கு உணவு கொடுங்கள் என்று தொழுகைக்கூடத்து ஹஜ்ரத்தும் சொல்லிவிட்டார்.

இறைவனிடம் பிரச்சினை இல்லை. தஸ்லிமாவிடம்தான். 'புத்தி சரியில்லாதவள நெருப்புகிட்ட விடலாமா?' என்று ஒரு வாய் சொன்னால் போதும், துடுப்பு கைமாறிவிடும். அந்தத் துடுப்பைப் பிடித்துத்தான் அவள் ஆழத்திலிருந்து ஏறி வந்திருந்தாள். அதனால் இந்த வருடம் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்து, திருடியைப் போலத் தண்ணீர் குடித்தாள்.

"நேத்து ஊத்துனது கஞ்சியா அது? கடல் தண்ணி லா!" என்று அன்றைக்குத் தஸ்லிமா வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள். "எங்க வீட்டுக்காரரு கொழாயவே வாயில வச்சிட்டாரு."

"நான் ஒரு கை போட்டேன் மாமி," என்றாள் புதுப்பெண் ஃபாயிஸா. "நீங்களும் போட்டீங்களா?"

"அலமாக்! நோன்பு வாயோட உப்பு எப்படிப் பாக்குறது?" என்றாள் தஸ்லிமா.

நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று ஹஜ்ரத் சொல்லியும் ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. உப்பு டப்பாவை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். வாசலில் வாளிகளோடு வரிசை கூடத் தொடங்கிவிட்டது.

உப்புச் சொல்ல அங்கே ஒரே ஒரு நாக்குத்தான் இருந்தது. மீரா பீவி கரண்டியில் கொஞ்சம் எடுத்தாள். ஊதினாள். குடித்து விழுங்கினாள்.

"லாத்தா!" தஸ்லிமா பதறினாள். "மறந்துட்டீங்களா? பரவால்ல, மறந்து குடிச்சா முறியாது."

தப்பிக்க வாசல் திறந்தே இருந்தது. ஆவி முகத்தை மூடியிருந்தது. அதற்குள்ளேயே இருந்துவிடலாம்.

"மறக்கல. எனக்கு நோன்பு இல்ல."

"இந்த வயசுலயும் அந்த நாளு வருதா ஒங்களுக்கு?"

ஃபாயிஸா சிரித்துவிட்டாள். மீரா பீவிக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து மீதியும் வந்தது. "மாத்திரை சாப்புடுறேன். பைபோலார்னு மனசுக்கு வர்ற நோய். தண்ணி குடிக்காம இருக்கக் கூடாது. போன வருஷம் பரக்கத்துன்னு சொன்னியே, அது அந்த நோய்தான் தஸ்லிமா."

ஃபாயிஸாவின் கை மெல்ல நகர்ந்தது. பலகையில் கிடந்த கத்தியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். மீரா பீவி பார்த்தாள். தஸ்லிமாவும் பார்த்தாள்.

"அந்தக் கஞ்சி நல்லாதானே இருந்திச்சு?" என்றாள் தஸ்லிமா, எதையோ விட்டுக்கொடுக்க மனமில்லாதவளாக.

"கஞ்சி நல்லாதான் இருந்திச்சு. நான்தான் நல்லா இல்ல."

தஸ்லிமா துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நீண்டபோது மீரா பீவி பிடியை இறுக்கினாள். அந்தக் கை துடுப்பைத் தாண்டிப் போய்க் கத்தியை எடுத்தது. மல்லித்தழைக் கட்டோடு மீரா பீவியின் பக்கம் வைத்தது.

"தழை இன்னும் நறுக்கல. அத லாத்தா பாத்துக்குவாங்க. நீ போயி வாளிய வாங்கு," என்று ஃபாயிஸாவை விரட்டினாள். பிறகு, "சரி, உப்பு?"

"அரைக் கை கொறச்சல்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நேத்து நம்ம மானம் கப்பலேறியிருக்காதுல்ல!"

உப்பு விழுந்தது. வாசலுக்குப் போன ஃபாயிஸா ஒருமுறை திரும்பிக் கத்தியைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஆவியில் சட்டைகள் மறுபடி மீன்களாயின. போன வருடம் அவை அவளிடம் பேசின. அந்தப் பேச்சுக்காக இப்போதும் மனம் சில நேரம் ஏங்கும்; அதை லோஷினியிடமும் சொல்லியிருந்தாள். இன்று மீன்கள் சத்தமில்லாமல் நீந்திப் போயின. மீரா பீவி அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து, சட்டிக்குப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டுத் துடுப்பைத் திருப்பினாள்.