விர்யாவின் பக்கத்து இடம்

வஸ்தினாவுக்கு இரண்டு முறை கல்யாணம் நடந்தது. இரண்டிலும் மாப்பிள்ளை ஒருவர்தான், விர்யா.

முதல் கல்யாணம் குனிங்கான் மலைச்சரிவில், முன்னோரை வணங்கும் சுந்தா விவிதான் வழிப்படி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நடந்தது. அரசாங்கத்தின் கணக்கில் அப்படி ஒரு மதம் இல்லை. ஆகவே அந்தக் கல்யாணமும் இல்லை. மகள் நினிங் பிறந்ததைப் பதியப் போனபோது, தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் எழுத்தர் ஒரு கோடு போட்டார். விர்யா பக்கத்தில்தான் நின்றிருந்தார், குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

சில வாரம் கழித்து இருவரும் பள்ளிவாசலில் கலிமா சொன்னார்கள். மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். அடையாள அட்டையில் இஸ்லாம் ஏறியது, மகளுக்கு அப்பா கிடைத்தார்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் நான்" என்று சந்தையில் சொல்லித் திரிவார் விர்யா. "ரெண்டும் ஒரே மூஞ்சி. அதான் கஷ்டம்."

"ஒண்ணையே காப்பாத்த துப்பில்ல" என்பாள் வஸ்தினா, வாளியில் அடுக்கிய புளிக்க வைத்த கவுனிச் சோற்றிலிருந்து தலை நிமிராமல். ஜம்பு மரத்து இலையில் மடித்த அந்தச் சோற்றைப் பேருந்துப் பயணிகளுக்கு விற்றுத்தான் குடும்பம் ஓடியது.

சொந்த ஜனம் அவர்களை விலக்கவில்லை, முன்போல் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. அறுவடைத் திருவிழாவில் இருவரும் கடைசி வரிசையில் நிற்பார்கள். யாரும் போகச் சொன்னதில்லை. முன்னே வாருங்கள் என்று சொன்னதுமில்லை.

நினிங் பள்ளிக்கூடத்தில் கற்ற மார்க்கத்தை மனதார ஏற்று வளர்ந்தாள். ஐந்து வேளைத் தொழுகையும் தவறாது. பக்கத்து ஊரில் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் முக்காடு போட்டு முதல் முறை வந்து நின்றபோது, விர்யா பார்த்து, "அழகா இருக்கே" என்றார். அது பொய்யில்லை.

பிறகு அந்தத் தீர்ப்பு வந்தது. முன்னோர் வழியில் நிற்பவர்களும் தங்கள் நம்பிக்கையை அட்டையில் எழுதிக்கொள்ளலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. விர்யா காப்பிக் கடையில் செய்தி பார்த்துவிட்டுக் கிழங்குக் காட்டுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கே போய் மாத்திடலாம்."

நினிங்தான் தடுத்தாள். "பேரனுக்கு சுன்னத்து விருந்து வருதுப்பா. மாமியார் வீட்டு ஜனம் முழுக்க வரும். அது முடியட்டும்."

"இத்தனை வருஷம் இருந்தேன். ஒரு விருந்து வரைக்கும் இருக்க மாட்டேனா?" என்றார் விர்யா.

விருந்துக்கு வாங்கிய ஆடு கொல்லையில் கட்டியிருக்கும்போதே, காட்டில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவர் கவிழ்ந்து விழுந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது.

சொந்த ஜனம் இருக்கும் மேட்டுத் தெருவிலிருந்து அவர் தம்பி, தங்கள் வழக்கப்படி அடியில் கரி பரப்பிய மரப்பெட்டியோடு வந்தார். பள்ளிவாசலிலிருந்து ஹாஜி மஸ்தூர் மையத்துத் தூக்கும் சந்தூக்கோடு வந்தார். இரண்டும் ஒரே முற்றத்தில் இறங்கின.

"அக்கா, கலிமா சொன்ன மனுசன். தொழுவிக்காம விட்டா நான் நாளைக்கு மறுமையில என்ன பதில் சொல்வேன்?" என்றார் ஹாஜி. நல்ல மனிதர். விர்யாவோடு ஒரே கடையில் காப்பி குடித்தவர்.

"அது புள்ளைக்காக சொன்னது, ஹாஜி. மேல இருக்கிறவருக்குத் தெரியும்" என்றாள் வஸ்தினா.

"அவருக்குத் தெரியும். எனக்கு அட்டைதானே தெரியும்?"

"மாத்திக்கலாம்னு கோர்ட்டே சொல்லியிருக்கு" என்றார் தம்பி.

"மாத்தலையே, தம்பி."

வஸ்தினா விட்டுக்கொடுக்க மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அப்போது நினிங் வந்து அவள் மடியில் தலைவைத்தாள்.

"அம்மா, அப்பாவைத் தொழுவிக்காம அனுப்பினா செத்தப்புறம் நான் அவரைப் பார்க்கவே முடியாதும்மா."

பிடிவாதமில்லை, பயம். சின்ன வயதில் இடி இடித்தால் இப்படித்தான் மடிக்குள் நடுங்குவாள். அந்த நடுக்கம் மடியில் தெரிந்ததும் வஸ்தினா ஹாஜியை நிமிர்ந்து பார்த்தாள்.

"குளிப்பாட்டுங்க" என்றாள்.

பெட்டி வெறுமையாக மேட்டுத் தெருவுக்குத் திரும்பியது. தூக்கிப் போனவர்கள் அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த வாரம், வஸ்தினா பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினாள். தன் அட்டையை மாற்றப் போவதாக மகளிடம் மறைக்காமல் சொன்னாள். நினிங்கும் கூடவே வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

"மாத்திட்டா அந்தக் கபர்ஸ்தான்ல உனக்கு இடம் தர மாட்டாங்கம்மா. அப்பா பக்கத்துல படுக்க முடியாது."

"தெரியும்."

"அப்போ எதுக்கு?"

"உன் பயத்துக்கு உங்கப்பாவைக் குடுத்துட்டேன். எனக்கும் ஒரு பயம் இருக்கு, நினிங். செத்தப்புறம் எங்க ஆத்தா அப்பன் முகத்துல முழிக்கணும்."

"நான் உன்னைப் பார்க்க வேண்டாமா?"

வஸ்தினா மகளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கணினி முன்னால் இருந்த பெண், "முழு மனசோடதான் மாத்துறீங்களா, அம்மா?" என்று கேட்டாள். விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி.

"முழு மனசுக்கு எங்க போறது?" என்றாள் வஸ்தினா. "இருக்கிறதை வெச்சு எழுதும்மா."