அப்பாவின் போனுக்கு ஒரு கர்னல்

எங்கள் வீட்டில் அண்ணனுக்கு ‘ரீஸ்டார்ட்’ என்று பெயர். வைத்தவள் நான்தான். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்பான். லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் கிரீஸ் படிந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் தன் ஆண்ட்ராய்டு போனை நோண்ட உட்கார்ந்துவிடுவான். புதுக் கர்னல் வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம்.

"அது என்னண்ணா கர்னல்?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"நீ பட்டனை அழுத்துற, லிஃப்ட் வருது. நடுவுல மோட்டார்கிட்ட வேலை வாங்குற பெட்டி ஒண்ணு இருக்கு. போனுக்குள்ள அந்த வேலையைப் பார்க்கிற புரோகிராம்தான் கர்னல். கம்பெனி குடுத்ததை எடுத்துட்டு வேற யாராவது எழுதினதைப் போட்டுக்கலாம்."

"போட்டா?"

"போன் பறக்கும்."

அவன் போன் பறந்ததைவிடச் செத்துக் கிடந்ததுதான் அதிகம். இப்போது நினைத்தால் அந்தச் சாயங்காலங்கள் எல்லாமே இனிக்கின்றன.

கல்யாணமாகி நான் தொலைவுக்கு வந்தேன். அப்பாவுக்கு வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் இயந்திரத்தின் பக்கத்திலேயே வேலை. அந்த இரைச்சல் காதுகளைத் தின்றுவிட்டது. காதில் எதையும் மாட்ட மாட்டார். பழைய போனையும் மாற்ற மாட்டார். அதில் ஸ்பீக்கர் வேறு கரகரவென்றிருக்கும். நான் தொண்டை கிழியக் கத்துவேன். என் வீட்டு விஷயம் பக்கத்து வீடு முழுக்கத் தெரியும், அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

"அப்பா, எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல்!"

"ரொம்ப சந்தோஷம்மா."

சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். உடனே அண்ணனைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினேன். "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் சரிபண்றியே, அப்பா போனைச் சரிபண்ண மாட்டியா? இனிமே நான் அவர்கிட்ட பேசப்போறதில்ல, போ!"

அவன் தேட ஆரம்பித்தான். அப்பாவின் போனுக்கு மூன்று கர்னல்கள் கிடைத்தன. ஒன்று வேகத்துக்கு, அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். இன்னொன்று சார்ஜ் நிற்பதற்கு. மூன்றாவதில் காதில் வைத்துக் கேட்கும் சத்தத்தை நன்றாகக் கூட்டலாம். ஆனால் அதைப் போட்டால் கேமரா வேலை செய்யாது என்று எழுதியவரே சொல்லியிருந்தார்.

கேமராதான் அப்பாவின் ஒரே பொழுதுபோக்கு. தெருத்தெருவாகப் போய், நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி அச்சான சுவரொட்டிகளைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புவார். கீழே "கண்ணு அவிஞ்சு போச்சா இவனுங்களுக்கு?" என்றிருக்கும்.

அண்ணன் அவர் காதருகே குனிந்து, "அப்பா, தங்கச்சி பேசுறது கேக்கும். ஆனா போட்டோ எடுக்க முடியாது. போடட்டுமா?" என்று கேட்டானாம்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்று எங்களுக்கு வந்து குவிந்த சுவரொட்டிகளுக்குக் கணக்கே இல்லை. திரும்பி வந்து போனை அண்ணன் கையில் கொடுத்தார்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இயந்திரத்தில் மாடல் எண்ணோடு ஒட்டியிருக்கும் தகடுதான் வேதவாக்கு. போனின் முதுகிலிருந்த மாடல் எண்ணைப் பார்த்து, அதற்கான கர்னலை ஏற்றினான். போன் கம்பெனிச் சின்னத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. நூறு போனைப் பார்த்த மகராசனுக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் உறைத்தது: முன்பொருமுறை அப்பா போனைக் கீழே போட்டு உடைத்தபோது, வேறொரு மாடலின் முதுகைக் கழற்றி இதற்கு மாட்டியவனே அவன்தான்! நல்லவேளை, பழைய கர்னலைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான். போனை உயிர்ப்பித்து, சரியானதை ஏற்றினான்.

மறுநாள் வழக்கம்போல, "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று கத்தினேன்.

"ஏம்மா கத்துற? மெதுவாப் பேசு" என்றார் அப்பா. மெதுவாகப் பேசினேன், நெடுநேரம்.

சில மாதங்களில் அதே கர்னலின் புதுப்பதிப்பு வந்தது. சத்தமும் உண்டு, கேமராவும் உண்டு. நான் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோதே அண்ணன் துள்ளிக்கொண்டு வந்து அவருடைய மறுகாதருகே உரக்க, "குடுங்கப்பா, இப்பவே ஏத்திடுறேன்" என்றான்.

"சரியா வருமாடா?"

"வரும்ப்பா. தொண்ணூறு பர்சென்ட் வரும்."

அப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வேணாம்டா. இவ பேசுறது கேக்குது. நீ கையை வைக்காத."